கைக்கு வேலை கொடுங்கள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற உடல்நலக் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பக்கவாதத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அது பெரிய பொருள். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் உங்கள் மனத்தில் நில்லாது. ஆகவே, அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விழுந்துபோன கையை மீண்டும் வேலைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே அது.

காலை விட்டுவிட்டுக் கையை ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். பக்கவாதம் கண்ட வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: முதல் மாதம் எல்லாரும் காலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். இரண்டாம் மாதம் நோயாளி கம்பை ஊன்றி வாசல்வரை நடந்துவிடுகிறார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "நடந்துட்டாரு, அது போதும்" என்கிறார்கள். கை அப்படியே மார்போடு மடங்கிக் கிடக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. தோணி தள்ளியவருக்கும், வலை பின்னியவருக்கும், இறால் உரித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய தாய்க்கும் கைதானே சோறு போட்டது? கால் வந்து கை வராவிட்டால் அந்தக் குடும்பத்தின் அடுப்பு பழையபடி எரியுமா?

கால் முன்னே வருவதற்கும் கை பின்தங்குவதற்கும் காரணங்கள் உண்டு. மூளையில் அடிக்கடி அடைபடும் பெரிய இரத்தக்குழாய், கைக்கும் முகத்துக்கும் கட்டளையிடும் பகுதிக்கே அதிகமாக இரத்தம் கொண்டுசெல்கிறது. இது ஒரு காரணம். மற்றொன்று எளிமையானது, எனினும் பலர் சிந்திப்பதில்லை. ஒற்றைக் காலால் யாரும் நடக்க முடியாது. கொல்லைப்புறம் போகவேண்டுமென்றால் விழுந்த காலையும் ஊன்றியே ஆகவேண்டும். அதனால் அந்தக் கால் நாள்தோறும் வேலை செய்கிறது. கையின் கதை வேறு. ஒரு கை விழுந்தால் மறு கை எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. சாப்பிட, துணி உடுத்த, முகம் கழுவ எல்லாவற்றுக்கும் நல்ல கை ஒன்றே போதும். போதாததற்கு, "நீங்க சும்மா இருங்க, நான் ஊட்டி விடுறேன்" என்று மனைவி வருகிறாள். "அப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்று மகள் ஓடி வருகிறாள். அன்புதான். ஆனால் அந்த அன்பில் கை வேலையில்லாமல் போய்விடுகிறது. வேலையில்லாத கையை மூளை மெல்ல மெல்ல மறந்துவிடுகிறது.

மறப்பது என்று நான் சொல்வது உவமை மட்டுமன்று. 1996-இல் ராண்டால்ஃப் நூடோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் சிறு குரங்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூளையில் கைக்குரிய இடத்தின் ஒரு பகுதி பழுதுபட்டபின், அந்தக் கையாலேயே சின்னக் குழிகளிலிருந்து தீனியை எடுக்கும்படி குரங்குகளைப் பழக்கினார்கள். பழக்கிய குரங்குகளில், பழுதைச் சுற்றியிருந்த இடம் கைக்குரியதாகவே நிலைத்தது. சிலவற்றில் பக்கத்து இடமும் கைக்கு வந்து சேர்ந்தது. பழக்காமல் விட்டபோதோ, பழுதுபடாத இடத்திலும் கைக்குரிய பங்கு சுருங்கிப்போனது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சுரபுன்னைக் காட்டில் எத்தனை கால்வாய்கள் இருக்கின்றன! சேறு படிந்து நீரோட்டம் நின்ற இடத்தில் மரங்கள் பட்டுப்போயின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஏற்றவற்றத் தண்ணீர் மறுபடியும் உள்ளே வந்து போனது, காடு தழைத்தது. ஆனால் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். சேறு சேர்ந்தால் திரும்பவும் வாரவேண்டும். மூளைக்கும் கைக்கும் இடையே உள்ள வழியும் ஏறக்குறைய அப்படித்தான். பழைய கால்வாய் அடைத்துவிட்டது. பக்கத்தில் புது வாய்க்கால் திறக்க இடமிருக்கிறது. அதில் நாள்தோறும் ஓட்டம் வேண்டும். பயிற்சி என்பது அந்த ஓட்டம்.

இப்போது முதல் நாளுக்கு வருவோம். முகம் ஒரு பக்கம் கோணுவது, நீட்டிய இரு கைகளில் ஒன்று தானாகக் கீழிறங்குவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று திடீரென்று தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்து, அடைப்பா இரத்தக்கசிவா என்று பார்த்தாகவேண்டும். சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1985-இல் தொடங்கிய இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இன்று அரசு மருத்துவமனையாக இருக்கிறது. இங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரந்தான். அந்த நேரத்தில் புறா இரத்தம் தடவுவதும், வாதத்துக்கு எண்ணெய் தேடி அலைவதும் வேண்டாம். எண்ணெய் தேய்ப்பதைப் பின்னால் ஆறுதலாகச் செய்யலாம். மென்மையாகத் தேய்த்தால் கெடுதல் இல்லை. புறாவைப் பாவம் விட்டுவிடுங்கள்.

மருத்துவமனையில் சேர்த்த முதல் நாளே எழுப்பி நடக்க வைக்கவேண்டும் என்று சிலர் அவசரப்படுவார்கள். அதுவும் நல்லதன்று. 2,104 பேரை வைத்துச் செய்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நெடுநேரம் நடமாட வைத்தவர்களில் நல்ல பலன் பெற்றவர்களின் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. எப்போது உட்காரவைப்பது, எவ்வளவு நேரம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அந்த நாட்களில் கைக்குச் செய்யவேண்டியது காவல். இதை நான் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் பின்னால் வரும் தோள்வலிக்குப் பல சமயங்களில் வித்து இங்கேதான் விழுகிறது. நம் தோள்மூட்டு ஆழமில்லாத கிண்ணத்தில் பந்து வைத்ததுபோன்றது. சுற்றியுள்ள தசைகள்தாம் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. பக்கவாதத்தில் அந்தத் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. கையின் பாரமே பந்தைக் கீழே இழுக்கும். இந்த நிலையில், கட்டிலிலிருந்து எழுப்பக் கையைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? மூட்டு இறங்கும், வலி பற்றிக்கொள்ளும், வலிக்கிற கையை அவர் பயிற்சிக்குத் தரமாட்டார். எனவே, எழுப்பும்போது முதுகுக்குப் பின்னால் கைகொடுத்தோ, இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடித்தோ தூக்குங்கள். கக்கத்தில் கைவிட்டும் தூக்கக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போது முழங்கையிலிருந்து விரல்வரை ஒரு தலையணையின்மேல் இருக்கட்டும். படுக்கும்போது கை முதுகுக்கடியில் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். விட்டத்தில் கப்பி கட்டிக் கயிற்றால் கையை மேலே இழுக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னமும் இருக்கிறது. தளர்ந்த தோளுக்கு அது வேண்டாம். தோளைக் கெடுக்கும் என்பதால் மருத்துவ நெறிமுறைகளும் அதைத் தள்ளிவைத்துவிட்டன.

கை வருமா வராதா என்று எல்லோரும் கேட்பார்கள். மெய்யைச் சொல்லிவிடுவது நல்லது. நெதர்லாந்து நாட்டில் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பக்கவாதம் வந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் விரல்களைக் கொஞ்சமாவது நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது தூக்கவும் முடிந்தவர்களில், 100-க்கு 98 பேருக்கு ஆறு மாதத்தில் கையில் ஓரளவு வேலைத்திறன் வந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். இரண்டுமே முடியாதவர்களில் 100-க்கு 25 பேருக்குத்தான் அந்த வாய்ப்பு. ஆகவே எல்லோருக்கும் எல்லாம் திரும்பும் என்று யாராவது பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்தால் நம்பாதீர்கள். அதேபோல, "இனி ஒன்றும் ஆகாது" என்று மூன்றாம் நாளே கைவிடுகிறவரையும் நம்பாதீர்கள். நான்கில் ஒருவர் என்பது சிறிய எண்ணிக்கையன்று. முதல் மூன்று மாதங்களில் வேகமாக வரும். பிறகு வேகம் குறையும். ஆனால் கதவு முழுவதும் சாத்தப்படுவதில்லை.

இனி பயிற்சிக்கு வருகிறேன். பலர் நினைப்பது, மருத்துவமனைக்குப் போய் அரை மணி நேரம் கையை ஆட்டிவிட்டு வந்தால் அன்றைய கடமை முடிந்தது என்பது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதை எண்ணியே பார்த்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு சிகிச்சை நேரத்தில் நோயாளி வேலைப் பயிற்சியாகக் கையை அசைத்தது சராசரியாக 32 தடவைதான். மூளை மாறுவதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை பழக்கினார்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! மீதித் தடவைகள் வீட்டில்தான் நடக்கவேண்டும்.

எதைச் செய்வது? சும்மா காற்றில் கையை ஆட்டுவதைவிட ஒரு வேலையைச் செய்வது மேல். அசைவு மிகக் குறைவாக இருப்பவர் மேசைமுன் உட்காரட்டும். மடித்த துண்டின்மேல் இரு கைகளையும் வைத்து முன்னே தள்ளி இழுக்கட்டும். சற்று முன்னேறியவர், எதிரே வைத்த தம்ளரை எட்டட்டும். இங்கே ஒரு தந்திரம் நடக்கும், கவனியுங்கள். முழங்கையை நீட்டுவதற்குப் பதிலாக உடம்பையே முன்னால் சாய்த்து எட்டிவிடுவார். கை உழைக்கவில்லை, முதுகு உழைத்தது. மார்பைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாக நாற்காலியோடு கட்டினால் இது புரியும். பிறகு வேர்க்கடலை உடைப்பது, டிபன் பாக்ஸ் மூடியைத் திறப்பது, துணி மடிப்பது, மணிலாக் கொட்டையை ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு மாற்றுவது என்று போகலாம். வலை வேலை தெரிந்தவர் கையில் வலை ஊசியைக் கொடுத்துப் பாருங்கள். வேறு எதற்கும் அசையாத விரல், பழகிய வேலைக்கு அசைவதை நான் கண்டிருக்கிறேன்.

நம் இல்லங்களில் மாலையில் செபமாலை சொல்கிறோம். அதில் அருள்நிறை மந்திரத்துக்குரிய மணிகள் 53. பலர் விழுந்த கையை மடியில் போட்டுவிட்டு நல்ல கையால் மணி உருட்டுகிறார்கள். விழுந்த கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அந்த மாலையைக் கொடுங்கள். பெரிய மணி மாலையாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மாலை முடிந்தால் 53 தடவை விரல் உழைத்திருக்கும். மேலே சொன்ன 32-ஐவிட அது கூடுதல்! நேரம் அதிகமாகும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

பந்தை அமுக்கும் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் பந்தை வாங்கிக்கொடுத்து நாள் முழுவதும் அமுக்கச் சொல்கிறார்கள். பக்கவாதக் கையில் பெரும்பாலும் மூடுகிற சக்தி முந்தி வருகிறது. திறக்கிற சக்திதான் வருவதில்லை. பிடித்த தம்ளரை விடமுடியாத கையால் என்ன பயன்? ஆகவே எடுப்பதோடு விடுவதையும் பழக்குங்கள். கை இறுகி முஷ்டியாகிவிட்டால் விரல்களை நெம்பித் திறக்கவேண்டாம். முதலில் மணிக்கட்டை மெதுவாகக் கீழ்நோக்கி மடக்குங்கள். விரல்கள் தாமே தளரும். அப்போது பெருவிரலை வெளியே எடுத்து உள்ளங்கையைக் கழுவித் துடைத்து நகத்தை வெட்டுங்கள். இறுக்கம் மிகுந்தால் அதற்கு மருந்தும் ஊசியும் உண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

நல்ல கையைக் கொஞ்சம் ஓய்வில் வைத்து விழுந்த கையை வேலை வாங்கும் முறை ஒன்று இருக்கிறது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலறிஞர் உருவாக்கியது அது. நல்ல கைக்கு உறை போட்டுவிட்டு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியும் பலவீனமான கையாலேயே வேலை செய்யவைப்பார்கள். 222 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பிரிவினரிடம் இரண்டு வாரம் இதைச் செய்து பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குமேல் ஆனவர்கள் அவர்கள். ஓராண்டுக்குப் பின்னும் பலன் நிலைத்திருந்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தாமே மேல்நோக்கி நீட்ட முடிந்தவர்களுக்கே இது ஏற்றது. சிறிதும் அசையாத கைக்காரருக்கு நல்ல கையையும் கட்டிப்போட்டால் அது கொடுமை. படியேறும்போதும் நடக்கும்போதும் உறை கூடவே கூடாது. விழும்போது ஊன்ற அந்தக் கைதான் உதவும்.

அசைவே இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. அதில் ஒரு தமிழருடைய பெயர் கலந்திருப்பது நமக்குப் பெருமை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியைப் போக்கக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். அதே முறையைப் பக்கவாதத்துக்கும் அவரும் அவருடைய சகாக்களும் முயன்று, ஒன்பது நோயாளிகளிடம் கண்டதை 1999-இல் வெளியிட்டார்கள். பின்னர் உலகெங்கும் பலர் இதை ஆராய்ந்தார்கள். 2018-இல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கையின் அசைவுக்கு இது துணைசெய்கிறது என்று தெரிந்தது. செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிதான். மேசைமேல், மார்புக்கு நேர் நடுவில், கண்ணாடியை நெடுக்காக நிறுத்துங்கள். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். நல்ல கை முன்னால் இருக்கட்டும். கண்ணாடியில் பார்த்தபடி நல்ல கையை மெதுவாக மூடித் திறக்கவேண்டும். மறைந்த கையாலும் அதையே செய்ய முயலவேண்டும். கண்ணாடியில் தெரிவது விழுந்த கையே அசைவதுபோல் இருக்கும். மூளை அந்தக் காட்சிக்கு இசைகிறது. நாளைக்கு அரை மணி நேரம், சில வாரங்கள். தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள்; இரு கையும் ஒன்றுபோல் தெரியவேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், இயன்முறை மருத்துவர் எதற்கு?" என்று நினைக்கவேண்டாம். அதையும் நம் நாட்டிலேயே சோதித்துவிட்டார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஒரு பாதிப்பேருடைய குடும்பத்தாருக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறு பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இரு பக்கத்திலும் 100-க்கு 47 பேர் இறந்தோ பிறர் கையை எதிர்பார்த்தோ இருந்தார்கள். வித்தியாசமே இல்லை. எனக்கு இது வருத்தமளித்த செய்திதான். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, ஒருமுறை கற்றுக்கொடுத்துவிட்டுக் கையைக் கழுவக்கூடாது என்பது. அனுபவமுள்ள ஒருவர் திரும்பத் திரும்ப வந்து பார்த்து, இந்த வாரம் முடிந்ததைவிட அடுத்த வாரம் சற்றுக் கடினமானதைக் கொடுக்கவேண்டும். குடும்பம் தடவைகளைத் தரலாம். எந்தத் தடவை என்பதைத் தெரிந்தவர் தீர்மானிக்கட்டும்.

அப்படி வருவதற்கு இப்போது வழி இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. நம் ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவுசெய்யுங்கள். அந்த மாத்திரைகளை நிறுத்தாதீர்கள், கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள், புகையிலையை விடுங்கள். இரண்டாம் முறை பக்கவாதம் வந்தால் நாம் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

எவ்வளவு உழைத்தும் கை வராதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அவர் மீண்டும் நடக்கவில்லை. ஆனால் டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து அத்துறைக்குத் தலைமை தாங்கினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இழந்தது திரும்பாமலே அவர் வேலைக்குத் திரும்பினார். வராத கையைச் சுத்தமாகவும் வலியில்லாமலும் வைத்துக்கொண்டு, மறு கையால் சமைக்கவும் கடைக் கணக்கு எழுதவும் பழகுவதும் எங்கள் சிகிச்சையில் ஒரு பகுதியே. அதைத் தோல்வி என்று யாரும் சொல்லவேண்டாம்.

கடைசியாக, பங்கு மக்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். வலக்கை விழுந்தவர்கள் கோயிலுக்கு வருவதற்கே கூச்சப்படுகிறார்கள். சிலுவை அடையாளம் இடமுடியவில்லை, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறார்கள். சிலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாதத்துக்குப்பின் மனச்சோர்வு வருவது பலரிடம் காண்கிற நோய்க்கூறு; சிறு பேச்சுக்கும் கண்ணீர் வரும். அவர்கள் நல்ல கையால் விழுந்த கையைப் பிடித்துத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோகட்டும். அதுவும் பயிற்சிதான். பக்கத்தில் நிற்பவர் உதவிக்குப் பாயவேண்டாம். அவர் முடிக்கும்வரை சற்றுப் பொறுத்தால் போதும். விழாக்களில் அவர்களுக்கும் ஏதாவது வேலை கொடுங்கள். துண்டறிக்கை மடிக்கலாம், மெழுகுவர்த்தி எண்ணலாம், பூ எடுத்துக் கொடுக்கலாம்.

இப்போது பள்ளிக்கூட அறையில் ஒரு மேசையும் கண்ணாடியும் இரண்டு துண்டுகளும் வைத்திருக்கிறேன். வீட்டில் பக்கவாத நோயாளி இருப்பவர்கள் அங்கே வாருங்கள். தோளை எப்படித் தாங்குவது, கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது என்பதைச் செய்தே காட்டுகிறேன். நோயாளியை அழைத்து வந்திருப்பவர்கள் முதலில் வரட்டும்.